ஹென்றிக்கு யார் கதவைத் திறந்தார்கள்?

பண்ருட்டியில் என் மாமா ஒரு சிறிய முந்திரிக் கொட்டகை வைத்திருக்கிறார். போன கோடையில் ஊருக்குப் போனபோது ஒரு மதியம் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடி வழியாக வந்த கொட்டை மூட்டைகள் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. உள்ளே வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பருப்பில் தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். மூட்டை தூக்கியவர்களில் நாலு பேர் வெளிமாநிலத்துப் பையன்கள்.

"பேரெல்லாம் வாயில நுழைய மாட்டேங்குது மாப்ள, நாலு பேருமே பையாதான்" என்றார் மாமா. "இவனுங்க இல்லன்னா கொட்டாய மூடிட்டுப் போவ வேண்டியதுதான். நம்மூரு பசங்க எவன் வரான் மூட்ட தூக்க?"

சாயங்காலம் டீக்கடையில் அதே மாமா நாலு பேரோடு சேர்ந்துகொண்டு, "வடக்கன் வந்து ஊரையே புடிச்சிட்டானுங்க" என்றார். இரண்டையும் அவர் மனதாரத்தான் சொன்னார். ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் எனக்கும்தான் தோன்றவில்லை.

அந்தப் பையன்களில் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். பெங்களூர் அலுவலகத்தில் காதில் விழுந்து ஒட்டிக்கொண்ட இந்தி என்னுடையது. அவனுடையதும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஜார்க்கண்ட் பக்கம், வீட்டில் பேசுவது சந்தாலி. இந்தி பள்ளிக்கூடத்தில் கொஞ்சம், ரயிலிலும் வேலைக்குப் போன ஊர்களிலும் மிச்சம். எங்கள் இருவருக்குமே சொந்தமில்லாத ஒரு மொழியில் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். மாமாவின் கண்ணுக்கு அவன் இந்திக்காரன்.

அன்றிரவு மாமா வீட்டு அலமாரியில் ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' கிடைத்தது. கல்லூரியில் படித்தபோது கண்கலங்க வைத்த நாவல். இந்த முறை அது வேறு சில கேள்விகளை எழுப்பியது. அவற்றை எழுதிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

*

ஜெயகாந்தன் எங்கள் மாவட்டத்துக்காரர். 1934இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. சிறுவனாகவே ஊரைவிட்டுப் போய், சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தார். திராவிட இயக்கம் தமிழ்நாட்டின் பொதுப்பேச்சாக ஆகிக்கொண்டிருந்த காலத்தில் அதற்கு எதிராக மேடையேறிய எழுத்தாளர் அவர். திராவிட நாடு பகற்கனவு என்று சொல்லி தி.மு.க.விலிருந்து பிரிந்த ஈ.வெ.கி. சம்பத் 1961இல் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கியபோது அவரோடு நின்றார். 1964இல் அந்தக் கட்சி காங்கிரசில் கரைந்த பிறகு காங்கிரஸ் மேடைகளில் பேசினார். அந்த நாட்களைப் பற்றி 'ஓர் இலக்கியவாதியின் அரசியல் அனுபவங்கள்' என்று ஒரு நூலும் எழுதியிருக்கிறார்.

அந்தக் கட்சியின் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'தமிழ்த் தேசியம்' என்ற சொற்சேர்க்கை அன்று, தமிழையும் இந்திய தேசியத்தையும் ஒரே மூச்சில் சொல்லப் பார்த்த ஒரு கட்சிக்குப் பெயராக இருந்தது. இன்று அதே சொல்லைச் சொன்னால் யாருக்கும் இந்தியா நினைவுக்கு வராது. அறுபது வருடத்தில் ஒரு சொல் எதிர்ப்பக்கம் போய் நின்றுவிட்டது. அன்று இருந்த ஏதோ ஒரு சாத்தியம் நடுவில் தொலைந்துபோனதாகவே எனக்குப் படுகிறது. ஜெயகாந்தன் அந்தச் சாத்தியத்தைத் தன் அரசியலில் வெல்லவில்லை. 1973இல் வந்த இந்த நாவலில்தான் அதற்கு முழு உருவம் கொடுத்துப் பார்த்தார் என்பது என் எண்ணம்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கிருஷ்ணராஜபுரம் என்ற சிற்றூருக்கு ஹென்றி என்ற இளைஞன் வருகிறான். ஊரைவிட்டு எப்போதோ போய்விட்ட சபாபதிப் பிள்ளையின் மகன் என்கிறான். பெற்ற மகன் இல்லை. உலகப் போர்க்காலத்தில் அநாதையாகக் கிடைத்து வளர்க்கப்பட்ட குழந்தை. பெற்றவர் யார், என்ன மதம், என்ன சாதி, என்ன மொழி, ஒன்றும் தெரியாது. தெரியாதது பற்றி அவனுக்குத் துக்கமும் இல்லை. பூட்டிக் கிடந்த பப்பாவின் வீட்டைத் திறந்து, செப்பனிட்டு, அதில் வாழ வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்பது. சபாபதியின் தம்பி, லாரி ஓட்டும் துரைக்கண்ணு, முதலில் கொதித்து எழுகிறார். பிறகு பஞ்சாயத்தில், அண்ணனின் மகனாகவே அவனை ஏற்றுக்கொள்கிறார். ஊரும் ஏற்றுக்கொள்கிறது.

இந்த நாவலை மனிதநேய நாவல் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அது ஓர் அரசியல் வாதமாகவும் தெரிகிறது. பிறப்பு சார்ந்த எந்த அடையாளமும் இல்லாத ஒருவனைக் கொண்டுவந்து ஒரு தமிழ்க் கிராமத்தின் நடுவில் நிறுத்துகிறார் ஜெயகாந்தன். 'இவன் யார்?' என்று கேட்க வைக்கிறார். இவன் நம்மாள்தான் என்று ஊரே சொல்லும்படி செய்கிறார். மண்ணின் மைந்தர் அரசியலுக்கு ஒரு நாவலாசிரியரால் இதைவிட நேரான பதிலைச் சொல்லியிருக்க முடியாது. ஒருவன் ஓர் ஊருக்குச் சொந்தமாவது ரத்தத்தால் அல்ல, வந்து வாழ்வதால் என்கிறது நாவல்.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. 2016 செப்டம்பரில் காவிரித் தீர்ப்புக்குப் பிறகு பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். அம்மா போன் செய்தால் லிப்டில் எடுக்க மாட்டேன். படி ஏறி மொட்டை மாடிக்குப் போய்த்தான் தமிழில் பேசுவேன். அந்த வாரத்தில் ஹென்றியின் நினைவு வந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் வரவில்லை.

*

சரி, ஹென்றியை ஊர் ஏன் ஏற்றுக்கொண்டது? கதவு தானாகத் திறந்ததா?

முதல் சாவி மொழி. ஹென்றி தமிழ் பேசுகிறான். பப்பாவிடம் கற்ற தமிழ். வந்த நாளிலிருந்தே ஆசிரியர் தேவராஜனோடும் ஊர்ச் சிறுவர்களோடும் அவனால் உட்கார்ந்து பேச முடிகிறது. பேச்சில் ஆங்கிலம் கலந்திருக்கலாம், பழக்கவழக்கம் புதிதாக இருக்கலாம். ஆனால் நகைச்சுவை புரிகிறது, துக்கம் புரிகிறது. ஹென்றியின் வாயிலிருந்து தமிழை எடுத்துவிட்டு இந்த நாவலை யோசித்துப் பாருங்கள். முதல் அத்தியாயத்தைத் தாண்டாது.

இங்கேதான் நாவல் தன் ஆசிரியரின் மேடைப்பேச்சை மறுக்கிறது. மொழிப்பற்றைக் குறுகிய வெறி என்று சாடியவர் ஜெயகாந்தன். ஆனால் அவர் கற்பனை செய்த உலகமனிதன் ஊருக்குள் நுழைய ஒரு வட்டாரத்தின் பேச்சுமொழியே போதுமானதாகவும், தவிர்க்க முடியாததாகவும் இருந்தது. வட்டாரம் உலகத்துக்குத் தடை இல்லை, அதுதான் வாசல். ஜெயகாந்தன் என்ற அரசியல்வாதி இதை ஒப்புக்கொண்டிருப்பாரா தெரியாது. ஜெயகாந்தன் என்ற நாவலாசிரியர் எழுதிவிட்டார்.

இரண்டாவது சாவியைக் கல்லூரி வயதில் நான் கவனிக்கவே இல்லை. சபாபதிப் 'பிள்ளை'. ஹென்றிக்குச் சாதி இல்லை என்று நாம் நெகிழ்ந்துபோகிறோம். ஊர் அப்படி விட்டுவிடவில்லை. அவன் வந்து கேட்டது ஊருக்குள் இருக்கும் பிள்ளை வீட்டை. பஞ்சாயத்தில் பேசப்பட்டது அவன் யார் என்பதல்ல, அவன் சபாபதியின் மகனா என்பதுதான். சாதி தெரியாதவனுக்கு வளர்த்தவரின் சாதியும் வீடும் நிலமும் முகவரியாகிவிட்டன. அவன் சொத்தே வேண்டாம் என்று சொன்னது உண்மை. ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு முதலில் ஒரு சொத்து இருக்க வேண்டியிருக்கிறது.

இதோடு சேர்த்துப் படிக்க எங்கள் மாவட்டத்திலேயே இன்னொரு நாவல் இருக்கிறது. 1994இல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. அதன் ஆரோக்கியம், தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் வண்ணாத்தி. தலைமுறை தலைமுறையாக அதே ஊர்க்காரி. அவள் பேசும் தமிழைவிட மண்ணோடு ஒட்டிய தமிழ் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆனாலும் சாயங்காலம் வீடுவீடாகச் சோறு கேட்டு நிற்பவளாகவே அவள் இருக்கிறாள். எந்த வீட்டு வாசலும் அவளுக்காகத் திறப்பதில்லை, சட்டி மட்டும்தான் நிரம்புகிறது, சில நாள் அதுவும் இல்லை. எங்கிருந்தோ வந்த ஹென்றிக்கு ஊருக்குள் வீடு. ஊரிலேயே பிறந்த ஆரோக்கியத்துக்கு ஊருக்கு வெளியே குடிசை. இரண்டு நாவல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தமிழ் என்ற ஒற்றைச் சாவி எல்லாக் கதவுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. மொழியால் ஒன்றானவர்கள் நாம் என்று மேடையில் சொல்கிறபோது, அந்த 'நாம்' என்ற சொல்லுக்குள் ஆரோக்கியத்துக்கு எந்தத் தெருவில் இடம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

*

ஜெயகாந்தன் மேல் எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. அது சாதி பற்றியது அல்ல.

அவர் பிறந்த ஊரிலிருந்து ஒருமணி நேரப் பேருந்துப் பயணத்தில் சிதம்பரம். 1965 ஜனவரி 27 அன்று அங்கே இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனார். முந்தின நாள்தான் குடியரசு தினம். அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு ஆங்கிலத்துக்குக் கொடுத்திருந்த பதினைந்து வருடக் கெடு அன்றோடு முடிந்து, இந்தி மட்டுமே ஆட்சிமொழியாகிவிடும் என்ற பயம் தெருவுக்கு வந்திருந்தது. 1963 சட்டம் ஆங்கிலம் 'தொடரலாம்' என்றுதான் சொன்னது, 'தொடர வேண்டும்' என்று சொல்லவில்லை. ஒரு வினைச்சொல்லின் விகுதிக்காக ஒரு மாநிலமே தெருவில் நின்ற வருடம் அது. பல்கலைக்கழகத்தில் இன்றும் ராஜேந்திரனுக்குச் சிலை இருக்கிறது. 1967இல் சட்டம் திருத்தப்பட்டது. 1968 ஜனவரியில் தமிழக சட்டமன்றம் இருமொழித் தீர்மானம் நிறைவேற்றியது.

இதெல்லாம் நடந்து ஐந்தாறு வருடத்தில் வந்த நாவல் இது. இந்தியாவையும் ஒரு தமிழ்க் கிராமத்தையும் பிணைக்க முயலும் நாவலில் இந்த நெருப்பின் சூடு எனக்குத் தட்டுப்படவில்லை. கிருஷ்ணராஜபுரத்துக்குத் தேசம் ராணுவமாக, லாரியாக, பள்ளிக்கூடமாக வருகிறது. உனக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட விண்ணப்பப் படிவமாக வரவே இல்லை. தேசம் என்பது ஹென்றியைப் போல ஒரு நல்ல மனிதனாக, தமிழ் பேசிக்கொண்டு, எதையும் கேட்காமல் வந்தால் எந்த ஊர்தான் வேண்டாம் என்று சொல்லும்? 1965இல் வந்தது ஹென்றி இல்லை. அது ஓர் அலுவலகம்.

இந்த வேறுபாட்டை எங்கள் பக்கத்தில் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. பண்ருட்டியிலிருந்து பஸ் ஏறினால் நெய்வேலி. 1956இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம். ஊர் ஊராக நிலம் கொடுத்து எழும்பிய நகரம் அது. அங்கே இந்தியாவின் எல்லா மாநிலத்துக்காரர்களும் பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்சில் வாழ்ந்தார்கள். என் பள்ளி நண்பர்கள் சிலருக்கு மலையாளமும் தெலுங்கும் அங்கேதான் வந்தன. தேசம் என்ற கருத்து பாடப்புத்தகத்துக்கு வெளியே எங்களுக்குக் காணக் கிடைத்தது என்றால் அது நெய்வேலி டவுன்ஷிப்பில்தான். அதே நெய்வேலியில்தான், 2022இல் கேட் தேர்வு வழியாக 299 பயிற்சிப் பொறியாளர்களுக்கான தேர்வு நடந்தபோது தமிழ்நாட்டுக்காரர்கள் இல்லையே என்ற குரல் கட்சி வேறுபாடின்றி எழுந்தது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விட்ட நெல்வயலில் இயந்திரம் இறங்கியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். பழைய இழப்பீடு, உரிமை, ஒப்பந்தம் என்று இரண்டு பக்கத்துக்கும் வாதங்கள் உண்டு. ஆனால் நிலம் எங்களுடையது, வேலை யாருடையது என்று ஒரு விவசாயி கேட்கும்போது அதைப் பிரதேச வெறி என்று ஒதுக்குவது நியாயமில்லை. அவர் எந்த மொழிக்காரரையும் வெறுக்கவில்லை. கணக்கு கேட்கிறார்.

ஆக நமக்கு முன்னால் இரண்டு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் இந்தியில் உத்தரவு போடும் அலுவலகம். இன்னொருவர் உடைந்த இந்தியில் தண்ணீர் எங்கே என்று கேட்கும் மூட்டைத் தொழிலாளி. நம் பேச்சில் இரண்டு பேரும் ஒரே சொல்லால் அழைக்கப்படுகிறார்கள்: வடக்கன். முதலாமவர் மேல் உள்ள கோபத்தை நம்மால் அவரிடம் காட்ட முடிவதில்லை. டெல்லி தூரம். இரண்டாமவர் டீக்கடை வாசலில் நிற்கிறார்.

இதில் பெரிய விபரீதம், அந்த இரண்டாமவரும் முதலாமவரிடம் தோற்றவர்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் போஜ்புரி பேசுவதாகச் சொன்ன 5 கோடிக்கும் அதிகமானவர்கள் இந்தி என்ற தலைப்பின் கீழ் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ராஜஸ்தானியும் அப்படித்தான். சந்தாலி எட்டாவது அட்டவணைக்குள் வந்ததே 2003ஆம் வருடத் திருத்தத்தில்தான். தமிழ் தன் பெயரோடும் மாநிலத்தோடும் தப்பித்துக்கொண்டது. அதற்காகத் தெருவில் நின்றவர்கள் இருந்தார்கள், அண்ணா போன்றவர்கள் நாடாளுமன்றத்தில் பேசினார்கள். கொட்டகையில் என்னோடு பேசிய பையனின் மொழிக்கு அந்த வாய்ப்பு மிகத் தாமதமாக வந்தது. மொழிக்காகப் போராடிய வரலாறு நமக்குத் தந்திருக்க வேண்டியது அவனை அடையாளம் கண்டுகொள்ளும் கண்ணை. நாம் அவனை எதிரியின் பட்டியலில் எழுதிவைத்திருக்கிறோம்.

*

எங்கள் பிரதேசம் ஒருபோதும் ஒற்றை மொழியில் வாழ்ந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் பாடலிபுரம் என்ற சமண மையம். கி.பி. 458இல் சர்வநந்தி 'லோகவிபாகம்' என்ற உலகவியல் நூலைப் பிராகிருதத்தில் எழுதியது அங்கேதான் என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்த நாவுக்கரசர், அந்தச் சமண மடத்தில் தருமசேனராக இருந்துவிட்டுத் திருவதிகைக்குத் திரும்பி வந்து தமிழில் பாடினார் என்பது தொன்றுதொட்டு வரும் கதை. இதை, இந்தியா முழுக்கச் செல்லுபடியான ஒரு மொழியிலிருந்து ஊர்மொழிக்குத் திரும்பிய கதையாகச் சொல்ல யாருக்கும் ஆசை வரும். ஆனால் நாலடியாரையும் சிந்தாமணியையும் கொடுத்தவர்களும் சமணர்கள்தான். திரும்பி வந்தவரும் தமிழ், எங்கும் போகாமல் இருந்தவர்களும் தமிழ், வெளியிலிருந்து வந்து கற்றவர்களும் தமிழ். அவ்வளவு ஏன், பண்ருட்டி என்றதும் நினைவுக்கு வரும் முந்திரியே போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். 2011 டிசம்பரில் தானே புயல் அந்த மரங்களைச் சாய்த்தபோது சொந்தப் பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி அழுதோம். யாரும் அதைப் பிரேசில் மரம் என்று நினைக்கவில்லை.

ஜெயகாந்தனிடம் இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஹென்றி ஏன் இவ்வளவு நல்லவன்? கோபப்படுவதில்லை, கேட்பதில்லை, சொத்தையும் விட்டுக்கொடுக்கிறான். வெளியாளை ஊர் ஏற்றுக்கொள்ள, அவன் மகானாக இருக்க வேண்டும் என்று நாவல் தன்னையறியாமல் நிபந்தனை போடுகிறது. நிஜத்தில் வருகிறவன் மகான் இல்லை. அவனுக்குக் கூலி உயர்வு வேண்டும், ரேஷன் வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், சில நாள் குடித்துவிட்டுச் சண்டை போடுவான். அவனுக்கும் கதவு திறக்குமா என்பதுதான் சோதனை. அந்தச் சோதனையை நாவல் வைக்கவில்லை. இந்த இடத்தில் எனக்கு ஹென்றியைவிட நாவலின் பேபியே முக்கியமாகப் படுகிறாள். ஊர் பைத்தியம் என்று ஒதுக்கிய பெண். ஹென்றியின் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, சொல்லாமல் போய்விடுகிறாள். நன்றியில்லை, விளக்கமில்லை, எந்த நிபந்தனைக்கும் பொருந்தாதவள். அவளுக்காகக் கதவு திறந்தே கிடக்கிறது. தன் வாதம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று ஜெயகாந்தனுக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே வரைக்கும் ஊரை அழைத்துப்போகாமல், ஹென்றியை மட்டும் அனுப்பிவைத்தார்.

எனக்கு இன்றைய நிலையில் இப்படித் தோன்றுகிறது. அலுவலகம் என் மொழியில் பேச வேண்டும் என்று கேட்பது என் உரிமை, அதில் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவனின் மொழி என்ன என்று கேட்பது என் கடமை, அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. முதலாவதை நாம் நன்றாகச் செய்திருக்கிறோம்.

கிளம்புகிற அன்று கொட்டகைக்குப் போனேன். தோல் உரிக்கும் ஆயா ஒருத்தி அந்தப் பையனை "டேய் ராசு" என்று கூப்பிட்டாள். அவன் "இன்னா ஆயா" என்றான், சுத்தமான எங்கள் ஊர் இழுவையில். பெயர் அவனுடையது இல்லை. ஆனால் 'பையா'வைவிடத் தேவலை.

இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்று அவனிடம் கேட்டேன். உள்ளேதான், மூட்டைகளுக்குப் பக்கத்தில் என்றான். கதவை மாமா வெளியே பூட்டிக்கொண்டு போகிறார், காலையில் ஆறு மணிக்கு வந்து திறக்கிறார். மாமாவிடம் கேட்டிருந்தால் "லட்சக்கணக்குல சரக்கு கெடக்கு மாப்ள" என்று சொல்லியிருப்பார். அது பொய்யும் இல்லை. நான் கேட்கவில்லை. அத்தை வைத்த கறிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு பெங்களூர் பஸ் ஏறிவிட்டேன்.

இந்தக் கட்டுரையின் சுட்டியை முதலில் மாமாவுக்குத்தான் அனுப்பப்போகிறேன்.